கரிச்சானின் பழைய குரல்

காட்டை அறுத்துக்கொண்டு லாரி ரோடு வந்த நாளிலிருந்து கரிச்சான் குருவி தொண்டை கிழியக் கத்தித்தான் பாடுவான். இல்லாவிட்டால் பக்கத்துக் கிளைக்குக்கூடக் கேட்காது.

ஒருநாள் மலை சரிந்து ரோடு அடைபட்டது. லாரிகள் நின்றன. காடே அமைதியாகிவிட்டது.

"ஏங்க, அன்னைக்கு என்னை மயக்கினீங்களே, அந்தப் பாட்டை மெதுவாப் பாடுங்களேன்" என்றாள் பெண்டாட்டி.

கரிச்சான் தட்டுத்தடுமாறி அந்தக் குழைந்த குரலை மீட்டெடுத்துப் பாடினான். அவள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கூட்டில், இன்னும் கண் திறக்காத குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. "அம்மா, யாரோ வந்திருக்காங்க! அப்பாவைக் கூப்பிடும்மா!"

கரிச்சான் பாட்டைப் பாதியில் நிறுத்தினான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல், அந்த அமைதியில் தொண்டை கிழியக் கத்தினான்.

குஞ்சுகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.