மூக்கின் மேல் ஒரு ஈ

திரைப்படச் சங்கத்தின் சிறிய அறையில் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருக்கிறார்கள். புரொஜக்டரின் ஒளியில் தூசி மட்டும் தாராளமாக மூச்சு விடுகிறது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் சிறந்த துணை நடிகர் யார் என்று இன்று திருத்தித் தீர்ப்பு சொல்லப்போகிறார்கள். அன்று பரிசு, பிணத்தின் மேல் விழுந்து அழுதவருக்குப் போய்விட்டது. பிணமாகக் கிடந்தவரை நடுவர்கள் பொம்மை என்றே நினைத்துவிட்டார்கள். அந்தப் பிணம் இப்போது கடைசி வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில், வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறது. சங்கச் செயலாளர் திரையை ஒட்டி நின்று, படத்தில் பிணமாகப் படுத்திருப்பவரின் மார்புக்கு நேராக ஒரு பென்சிலைக் கிடையாகப் பிடித்திருக்கிறார். "பென்சிலைத் தாண்டி நெஞ்சு ஏறிச்சுன்னா பரிசு கிடையாது. இன்னும் ஒரு நிமிஷம்தான்." முன்வரிசையில் ஒருவர் தும்மலை விழுங்குகிறார். திரையில் ஒரு ஈ வந்து பிணத்தின் மூக்கில் உட்கார்ந்து சாவகாசமாகக் கால் தேய்க்கிறது. மூக்கு அசையவில்லை. கடைசி வரிசையில் அதே மூக்கு துடிக்கிறது. அன்று சொறியாமல் விட்ட அரிப்பு, வழி விசாரித்துக்கொண்டு இன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய கை மெல்ல எழும்புகிறது. மனைவி அதைப் பிடித்து மடியில் அழுத்துகிறாள்.

"ஆடாதீங்க! எல்லாம் கெட்டுப்போயிடும்."

"அது படத்துலடி! இங்க ஆடினா என்ன?"

"எதுக்கு வம்பு? செத்த மாதிரி இருங்க."

ஈ பறக்கிறது. பென்சில் இறங்குகிறது. "அசையவே இல்லை!" என்கிறார் செயலாளர். விளக்கு எரிகிறது, எல்லாத் தலைகளும் பின்னால் திரும்புகின்றன, கைதட்டல் கூரையை முட்டுகிறது. மனைவி பிடியை விடுகிறாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும், ஆசை தீர மூக்கைச் சொறிகிறார்.