முதல் பக்கத்து மாப்பிள்ளை

குடவாசல் எல்வினுக்கு வலைப்பூ எழுதுவதுதான் பிழைப்பு. ஓர் ஆளைப் புகழ்ந்து பதிவுகள் எழுதி, ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்து, கூகுளில் முதல் பக்கத்துக்கு ஏற்றினான். அந்த ஆளைப் பற்றிய பழைய செய்தி நாலாம் பக்கத்தில் புதைந்தது. அதைப் படித்துப் பார்த்தும், பணத்துக்காக வேலையை முடித்துக் கொடுத்தான்.

அம்மா ஆரோக்கியம் பூரிப்போடு வந்தாள். "உன் தங்கச்சிக்கு வரன் அமைஞ்சிருச்சுடா. ரெண்டாந்தாரம்தான், ஆனா தங்கமான பையன். குறுவை அறுத்ததும் கல்யாணம்."

"நல்லா விசாரிச்சியாம்மா?"

"பேரைப் போட்டுத் தேடுனோம். எல்லாம் நல்லவிதமாத்தான் எழுதியிருக்கு."

அம்மா போனில் காட்டியது எல்வின் எழுதிய பதிவு.

"வேணாம்மா. மொதல் பொண்டாட்டியக் கொளுத்திட்டு ஜெயிலுக்குப் போனவன் இவன்."

அம்மா போனை விசிறியெறிந்தாள்.

"அப்ப இவனைத் தங்கம்னு எழுதுன நாய் எவன்டா?"