பேசாத பெட்டி

“நான் அப்பவே சொன்னேன், பெட்டியை இந்த ஆளு பக்கத்துல மாட்டாதேன்னு!” என்று கத்தினார் சூப்பர்வைசர் சுந்தரராமன்.

உலை ஆபரேட்டர் யேசுதாசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், இரும்பைச் சுட்டுப் பதப்படுத்தும் ஃபேக்டரி அது. உலைச் சூட்டைத் தானே அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற புதுப் பெட்டி வந்திருந்தது. பெட்டியை விற்ற கம்பெனி தாம்பரத்திலிருந்து அனுப்பிய ஜெயக்கொடி நேற்றே அதைச் சுவரில் மாட்டிவிட்டாள். இன்றைக்குக் கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரோடு பேச வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பெட்டி வாயைத் திறந்தால்தானே!

தகவல் போகும் ஸ்பீடை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். ஃப்ளாப்பியைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கறுப்புத் திரையில் ‘பதில் இல்லை’ என்றே வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. வெளியே தனியாக அனுப்பிய முதல் வேலை. இதைச் சொதப்பினால், கம்பெனியில் மறுபடியும் டைப் அடிக்க உட்கார வைத்துவிடுவார்கள்.

கடைசியில்தான் டார்ச் அடித்துப் பெட்டியின் சாக்கெட்டைப் பார்த்தாள். சின்னச் சின்ன ஓட்டைகள் எல்லாவற்றிலும் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது.

“உலைக்குப் பூசற களிமண்ணு! வேற யாரு வச்சிருப்பா? நேத்து இவன் கேட்டது ஞாபகம் இருக்காம்மா?” என்றார் சுந்தரராமன்.

இருந்தது. “பொட்டியே சூட்டைப் பார்த்து எழுதிகினா, அப்பால நான் இன்னாத்த பண்றது சார்?” என்று கேட்டிருந்தார் யேசுதாசன்.

ஜெயக்கொடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று டீ குடிக்கும்போது இந்த மனுஷர் காதுபடத்தானே சொன்னாள்: “இது ஓடலைன்னா நான் தொலைஞ்சேன் சார். எங்கம்மா வேற, பூஜை போடாம புது மிஷினைத் தொடாதேன்னாங்க.”

“பூஜைக்கெல்லாம் ஏதும்மா டைம்?” என்று அப்போது சுந்தரராமன் சிரித்தார். யேசுதாசன் சிரிக்கக்கூட இல்லை. அத்தனையும் கேட்டுவிட்டு இப்படியா செய்வார்?

ஸ்விட்சை அணைத்தாள். துப்பட்டாவில் இருந்த ஊசியைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டினாள். ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாள். காயவிட்டு, கேபிளைச் செருகி, ஸ்விட்சைப் போட்டாள்.

திரையில் எண்கள் ஓடின!

“வந்துடுச்சு சார்! எண்ணூத்தி நாப்பது டிகிரி!” என்று குதித்தாள்.

சுற்றி நின்ற ஆட்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பலமாகத் தட்டியது யேசுதாசன்தான்.

“நடிப்பைப் பாரு! இரு, உனக்கு மெமோ அடிக்கிறேன்” என்றார் சுந்தரராமன்.

“ஒரு நிமிஷம் சார்.” ஜெயக்கொடி விரலை மூக்கருகே கொண்டுபோனாள். களிமண் எங்கேயாவது இப்படிக் கமகமவென்று மணக்குமா? நகத்தில் சிவப்பாகக் குங்குமம் வேறு.

“அண்ணா... இது சந்தனமா?”

யேசுதாசன் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே நெளிந்தார்.

“காலைல கோயில் வாசல்ல வாங்கியாந்தேம்மா. பூஜை போடலைன்னு நீ பயந்துகினு இருந்தியே! எங்க வூட்ல இந்தப் பழக்கம் இல்லியா, பொட்டு எங்க வைக்கிறதுன்னு தெரியல. அத்தினி ஓட்டை கீது... ஒண்ணை வுட்டாலும் உங்க சாமி கோச்சுக்குமேன்னு எல்லாத்துக்கும் வச்சிட்டேன்!”