மகாராணியின் பசி

டமார் என்று இரும்புக் கதவு தண்ணீருக்குள் இறங்கியது.

மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் குளத்தில் கேட்ட சீழ்க்கையை நோக்கி அம்பாய்ப் பாய்ந்துவிட்டது அந்த டால்பின்.

கதவுக்கு இந்தப் பக்கம் அதன் குட்டி மிதந்தது. செத்து மூன்று நாளாகிவிட்டது.

அதுவரை மகாராணி யாரையும் அண்டவிடவில்லை. மூச்சு வாங்கட்டும் என்று குட்டியை மூக்கால் மேலே மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. வயிறு கிழிந்த மீன் என்றால் துப்பிவிடும், அதனால்தான் மகாராணி என்று பேரே வந்தது. அந்த மூன்று நாளும் முழு மீனைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பட்டினி தொடர்ந்தால் தாயும் தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தீனி போட்டு வளர்ப்பவள்தான் யோசனை சொன்னாள்.

டால்பின் குட்டி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சீழ்க்கையை உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் அதன் பேர். இந்தக் குட்டியின் சீழ்க்கை அவளிடம் பதிவாகி இருந்தது. பக்கத்துக் குளத்தில் ஸ்பீக்கரை இறக்கி அதை ஒலிக்கவிட்டாள்.

செத்த பிள்ளையின் குரலை வைத்துப் பெற்றவளை ஏமாற்றுகிறோமே என்று கை கூசத்தான் செய்தது.

குட்டியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். வண்டி கிளம்பியதும் சீழ்க்கையை நிறுத்தினாள். ஒரு மீனை நீட்டிப் பார்த்தாள்.

மகாராணி மேலே வந்தது. வாங்கி விழுங்கிவிட்டு அவசரமாய் உள்ளே போனது. மறுபடி வந்தது. வாளி காலியாகும் வரை வந்து வந்து போனது.

மிருகம்தானே, மறந்துவிட்டது என்றார் டாக்டர். அவளுக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஸ்பீக்கரை எடுத்து வர அவள் கொழுந்தன் குதித்தான். முக்குளிப்பது அங்கே அவன் வேலை. அண்ணி ஆக்கிப்போடுவதை மனுஷன் தின்பதில்லை, மீன் தின்னிகளாவது தின்கின்றனவே என்று வம்பிழுக்காமல் தண்ணீரில் இறங்காதவன்.

வெறுங்கையோடு மேலே வந்தான். முகத்தில் கிண்டல் இல்லை. நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்க விட மாட்டேங்கறா, அண்ணி. ஒருக்களிச்சுப் படுத்து, அந்த ஸ்பீக்கருக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா."