முதல் ஊழியர்

தூத்துக்குடியில் தெருவுக்கொரு தொழில் வளர்ப்பு மையம் வந்தபின் ஊரில் எல்லோருமே முதலாளிகள் ஆகிவிட்டார்கள். ஜெனோவாவும் மீன் ஊறுகாய் கம்பெனி தொடங்கியிருந்தாள். ஆர்டர்கள் குவிந்தன; ஒத்தாசைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மீன் கழுவுவதிலிருந்து கடைகடையாக ஏறி இறங்குவதுவரை எல்லாம் அவளே பார்த்துக் களைத்துப்போனாள்.

கடைசியில் எதிர்வீட்டு இசக்கியம்மாளிடம் போய்க் கேட்டாள். "யக்கா, என் கம்பெனிக்கு வேலைக்கு வாறியளா?"

கடற்பாசி பிஸ்கட் கம்பெனி நடத்தும் இசக்கியம்மாள் மாவுக் கையோடு சிரித்தாள். "நானே ஆள் கிடைக்காம அல்லாடுதேன். பேசாம நீ எங்கிட்ட வந்துரேன்."

ஜெனோவா கொஞ்சம் யோசித்தாள். "சரிக்கா, வாறேன். ஊறுகாயும் பிஸ்கட்டும் நான் செய்யுதேன். ஓடியாடி விக்கிறது உங்க பாடு."

கம்பெனியை மூடுவதாகச் சொல்ல, மையத்துக்குப் பயந்துகொண்டேதான் போனாள். மேலாளர் ஜஸ்டின் எழுந்தே நின்றுவிட்டார்.

"இத்தனை வருசத்துல எங்களால வேலை கிடைச்ச முதல் ஆளு நீதாம்மா," என்றவர், அவளைப் படமெடுத்து வாசலில் மாட்டினார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஜெனோவா கைகழுவிவிட்டு, மகளோடு கடற்கரைக்குக் கிளம்பினாள். தெருவிலிருந்த முதலாளிகள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு, அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.