அப்பா சொல்லிக்கொடுத்த பத்து வார்த்தை

அப்பா செத்துப்போன விஷயம் ஐந்தருவியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா ஒன்றும் தெரியாமல் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி சித்ரா, தட்டை நீட்டுட்டி. பேயறஞ்ச மாதிரி நிக்கதைப் பாரு!"

குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கடைமுன் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அந்த போன் வந்தது. அம்மாவின் கையெல்லாம் மாவு என்பதால் நான்தான் எடுத்தேன். தெரியாத நம்பர். யாரோ ஒரு ஆள், மூச்சு வாங்க வாங்க இந்தியில் பேசினார்.

அருவி இரைச்சலில் "இஸக்கி" என்றது காதில் விழுந்தது. அப்பா பெயர் இசக்கியப்பன். பட்டாளத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதையடுத்து இன்னொரு வார்த்தை. ஷஹீத்.

அப்புறம் 'டொம்'மென்று ஒரு சத்தம், போனைக் கீழே போட்டுவிட்டது மாதிரி. லைன் கட்டாகிவிட்டது.

எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. போன லீவில் வந்தபோது அப்பா எனக்குப் பத்து வார்த்தை சொல்லிக்கொடுத்தார். பானி, ரோட்டி, சலோ என்று போய், பத்தாவதாக ஷஹீத்.

"சண்டையில போனவனை எங்காளுவ செத்துட்டான்னு சொல்ல மாட்டாவ. ஷஹீத் ஆயிட்டான்னுதான் சொல்லுவாவ."

"புள்ளைக்குச் சொல்லிக்குடுக்க வேற வார்த்தையே கெடைக்கலையாக்கும்?" என்று அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம்.

எல்லையில் சண்டை தொடங்கி இன்றோடு நாலு நாள். நாலு நாளாக அப்பாவின் போன் அணைந்தே கிடக்கிறது.

வந்த நம்பருக்கு ஒன்பது தடவை திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்பளைக் குரல் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதுவும் எனக்குப் புரியவில்லை.

கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? கடை அடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் துண்டு விற்கிற ஹைருன் அக்காதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தொங்குகிற துண்டுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "எவனாச்சும் எதுவும் சொன்னானாட்டி?"

காதோடு காதாகச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஏட்டி, எங்க அண்ணன் மவன் பேரு ஷாஹித்து."

"அது ஷாஹித்துக்கா. இது ஷஹீத்."

"இந்த இரைச்சல்ல ஒனக்கு அந்த வித்தியாசம் கேட்டுச்சாக்கும்? பேசுனவன் தன் பேரைச் சொல்லியிருப்பான்ட்டி, கோட்டிக்காரி!"

நம்ப ஆசையாகத்தான் இருந்தது. "அப்படின்னா ஏங்க்கா திருப்பிக் கூப்பிடல?"

ஹைருன் அக்கா ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

நாலு மணிக்கு போன் அடித்தது. இன்னொரு தெரியாத நம்பர். நான் பாய்வதற்குள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்துவிட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கன இருக்கிய? என்ன, சத்தமே ஒரு மாதிரி இருக்கு? காலுலயா? நெசமா வேற ஒண்ணுமில்லையே?" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். போனை என் காதில் வைத்தாள். "ஒங்கப்பாதான்ட்டி. ஒன்னயத்தான் கேக்காவ."

"சித்ரா." அப்பாதான். "அப்பா ஆஸ்பத்திரியில இருக்கேன்மா. பயப்படாத. குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள பூந்து என் கூட்டாளி என்னய முதுகுல தூக்கிட்டு பங்கருக்கு ஓடியாந்துட்டான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எம்போனு நொறுங்கிப்போச்சு. எம்புள்ள பயந்துக்கிட்டு கெடப்பா, ஒரு வார்த்தை சொல்லிருன்னு அவன்ட்ட கேட்டேன். பங்கருக்குள்ள டவர் கெடைக்காது. வெளிய போயிப் பேசிட்டு ஒரு நிமிசத்துல வாரேன்னான். பேசுனானாட்டி? அவன் சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா?"

"அவரு பேரு என்னப்பா?"

"ஷாஹித்."

துண்டுக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாகவும் சிரிப்பாகவும் கொட்டியது. "நான் சொன்னேம்லா!" என்று ஹைருன் அக்கா என் தலையில் தட்டினாள். ஒன்றும் புரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

"பேசுனாருப்பா! அவரு ஷாஹித்னு பேரைச் சொல்லியிருக்காரு. நான் கூறுகெட்டதனமா ஷஹீத்னு தப்பாக் கேட்டுட்டேன். பாதியில போனை வேற கீழ போட்டுட்டாரு. நான் பட்ட பாடு இருக்கே! அவர்ட்ட போனைக் குடுங்கப்பா, ஒரு சண்டை போட்டுட்டு தேங்க்ஸ் சொல்லுதேன்."

அருவி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா?"

"வெளிய போனவன் திரும்பி வரல. நீ தப்பாக் கேக்கலம்மா."