தள்ளுகிறவன் சிரிக்க வேண்டும்

துரையின் மீசை மறுபடியும் கழன்று விழுந்தது. ராசப்பன் ஆசாரி அதைப் பொறுக்கி, பலாப்பிசின் தொட்டு, கட்டைவிரல் உயரத் துரையின் மூக்குக்குக் கீழே அழுத்தினார்.

பக்கத்தில் நின்ற நிஜத் துரை தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வில்மாட் துரை ரயில்வே என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று, மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்டிருப்பவர். பங்களா வராந்தாவில் பெரிய மேஜை; அதன்மேல் தண்டவாளம், குகை, பாலம், சாவி கொடுத்தால் ஓடும் ரயில்.

அதில் இல்லாதது, அவர் காலமெல்லாம் லைன் பார்க்கப் போன டிராலி ஒன்றுதான். அதைத்தான் ஆசாரி இப்போது மரத்தில் செய்துகொண்டிருந்தார். குடைக்கடியில் துரை உட்கார்ந்திருப்பார். என்ஜின் கிடையாது, நாலு ஆட்கள் தண்டவாளத்தின்மேல் ஓடி ஓடித் தள்ளுவார்கள்.

"தள்றவங்க சிரிச்ச மூஞ்சியா இருக்கோணுமாம்," என்றான் பட்லர் அர்த்தனாரி.

"வேகாத வெயில்ல ஓடித் தள்றவன் எங்கீங்க சிரிப்பான்?"

"தொரையைத் தள்ளினவங்க சிரிச்சாங்களாம். செதுக்குங்க ஆசாரி!"

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வில்மாட் துரைக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று பார்க்க மதராஸிலிருந்து பெரிய துரை வருகிறார். ஜனங்களுக்கு இவர்மேல் பிரியம் உண்டா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

சாமை விதைக்கிற காட்டையெல்லாம் வளைத்துக் காப்பிக்கு வேலி போட்டுவிட்டு, பிரியத்துக்கு எங்கே போவது? மிச்சமிருந்தது மலைக்காரி பெருமாயியின் காடு. அதற்கும் அடுத்த வாரம் வேலி.

"சாமையை உட்டா எங்களுக்கு வேற சோறில்லீங்க சாமி," என்று அவள் அழுது பார்த்தாள். துரை அசையவில்லை.

ஆனால் அதிசயத்தைப் பாருங்கள்! டிராலி மேஜைக்கு வந்த மறுநாளே தோட்டத்துப் பெண்கள் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பெருமாயியோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொம்மைத் துரையின் மடியில் சின்ன இலைப் பொட்டலமாகச் சாமைச்சோறு வைத்தாள்.

"உங்களைத் தெய்வமாக் கும்பிடறாங்க தொரை!" என்று அர்த்தனாரி ஊதிவிட்டான். சேலம் டவுனில் பிறந்தவன். மலை வழக்கத்தை அவன் என்ன கண்டான்!

துரைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் யாரோ டிராலியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, மலையை விட்டுக் கீழே போகும் காரவள்ளி இறக்கத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அவரும் அலுக்காமல் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார்.

பெரிய துரை டோலியில் வந்து இறங்கினார். மஞ்சள், குங்குமம், சோற்றுப் பொட்டலம், சுற்றிலும் கும்பிட்டு நிற்கும் பெண்கள். மனிதர் அசந்துபோனார். பட்டம் பாதி வந்த மாதிரிதான்.

மொழிபெயர்க்க முன்னால் வந்த அர்த்தனாரியை அவர் கையமர்த்தினார். பெரிய துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"ஏனம்மா, உங்கள் துரைக்கு எதற்காக இந்தப் பூஜை?"

பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பணிவாகச் சொன்னாள்.

"போன வருசம் வாந்திபேதியையும் இப்படித்தானுங்க, வண்டி கட்டி, சோறு கட்டி, மலையை உட்டு அனுப்பி வெச்சோம்!"